தண்ணியைக் காட்டாதே, கணக்கைக் காட்டு!

(பாலாற்றங்கரைக் கிராமம் ஒன்றில் நடந்த விளக்கக் கூட்டத்தில் விவசாயிகள் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை. பேசிய நடையிலேயே, சிறு திருத்தங்களோடு வெளியிடப்படுகிறது.)

அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே, தாய்மார்களே, ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தோல் தொழிற்சாலைத் தோழர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தொழிலாளித் தோழர்களைச் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கு. ரெண்டு நாளாக ஊரில் ஒரு பேச்சு சுத்திக்கிட்டிருக்கு. "சங்கத்துக்காரங்க ஷாப்பை மூடப் போறாங்க, உங்க பிழைப்புல மண்ணைப் போடப் போறாங்க" என்று. யார் கிளப்பி விட்டது என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அங்கேதான் வேலை. கழனி காய்ந்த பிறகு வேறு எங்கே போவாங்க? மூடு என்பது நம் கோரிக்கை இல்லை. நாம் கேட்பது கணக்கு. ஆலைக்குள்ளே போன குரோமியம் எத்தனை கிலோ? தோலோடு வெளியே போனது எத்தனை கிலோ? மீதி எங்கே? இந்த மூன்று கேள்விக்கும் எழுத்தில் பதில் வேண்டும். அதுவும் வருஷா வருஷம் வேண்டும்.

பேச்சுவார்த்தைக்குப் போகிறபோதெல்லாம் நமக்கு என்ன காட்டறாங்க? ஒரு பாட்டிலில் தெளிந்த தண்ணி. "பாருங்க, சுத்திகரிச்சிட்டோம்" என்கிறார்கள். நாமும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறோம். இனிமேல் அது நடக்காது. தண்ணி தெளிவாக இருந்தால் இன்னும் பலமாகக் கேட்க வேண்டும், ஐயா. அதிலிருந்து எடுத்ததை எங்கே வைத்தாய் என்று.

மக்காத சரக்கு

சாணியைக் குழியில் போட்டால் மக்கும். சாக்கடைத் தண்ணியில் இருக்கும் அழுக்கைப் புழு பூச்சியும் கிருமியும் தின்று தீர்க்கும். பூச்சி மருந்துகூடப் பல வருஷம் கழித்தாவது சிதைந்து போகும். உலோகம் அப்படிப் போகாது. குரோமியம், நிக்கல், காட்மியம், ஈயம், பாதரசம் எல்லாம் தனிமங்கள். எரித்தால் சாம்பலில் இருக்கும். புதைத்தால் மண்ணில் இருக்கும். கரைத்தால் தண்ணியில் இருக்கும். இடம் மாறும், நிறம் மாறும், அழியாது. ஆகவே கழிவுநீரிலிருந்து கன உலோகத்தை நீக்கிவிட்டோம் என்று யாராவது சொன்னால், அதற்கு அர்த்தம் ஒன்றுதான். இங்கிருந்து எடுத்து அங்கே வைத்திருக்கிறார்கள். அந்த ‘அங்கே’ எது என்பதில்தான் நம்ம வாழ்வும் சாவும் இருக்கு.

பெரியவர்கள் இருக்கீங்க, உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு காலத்தில் இங்கே ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் தோல் பதப்படுத்தினார்கள். நாற்றம் இருந்தது, அழுக்குத் தண்ணி வந்தது. ஆனால் உலோகம் இல்லை. 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. முழுசாக முடித்த தோலாகவும் செருப்பாகவும் அனுப்பு, அன்னியச் செலாவணி கூடும் என்றார்கள். குரோம் பவுடர் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எங்கும் பரவியது. பட்டையில் வாரக் கணக்கில் ஆகிற வேலை குரோமில் ஒரே நாளில் முடியும், தோலும் மெத்தென்று வரும். அன்னியச் செலாவணி டெல்லிக்குப் போச்சு. குரோமியம் இங்கேயே தங்கிடுச்சு.

ஒரு டன் தோலுக்கு ஒரு கணக்கு

இப்போது நான் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். படித்த பிள்ளைகள் எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கு தெரியாததால்தான் நம்மை ஏமாற்ற முடிகிறது.

முடி, சதை நீக்கிச் சுண்ணாம்பு எடுத்த தோல் ஒரு டன் என்று வைத்துக்கொள்வோம். அதை ட்ரம்மில் போட்டு, நூற்றுக்கு எட்டு என்ற அளவில் குரோம் பவுடர் போட்டுச் சுற்றுவது வழக்கமான முறை. 80 கிலோ பவுடர். அந்தப் பவுடரில் குரோமியம் என்கிற உலோகம் மட்டும் 13, 14 கிலோ இருக்கும். பழைய முறையில் இதில் நூற்றுக்கு அறுபது, எழுபது பங்குதான் தோலில் ஏறும். மிச்சம் 4, 5 கிலோ உலோகம் அந்த ட்ரம் தண்ணியிலேயே நின்றுவிடும். பச்சையாக, நீலம் கலந்த பச்சையாக வருமே, அந்தத் தண்ணி. தோழர்களுக்குத் தெரியும், கையெல்லாம் ஏறியிருக்கும்.

தினம் 10 டன் தோல் போடுகிற ஷாப்பாக இருந்தால்? குறைத்தே வைத்தாலும் நாளுக்கு 40 கிலோ குரோமியம் ட்ரம் தண்ணியில் வெளியேறும். மற்ற வேலைக்கு ஆகும் தண்ணியெல்லாம் சேர்ந்தால் அந்த ஷாப்பின் கழிவுநீர் நாளுக்கு மூன்றரை லட்சம் லிட்டர் அளவுக்கு வரும். வெளியே விடும் தண்ணியில் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக் கூடாது என்பது விதி. அப்படியானால் விதிப்படி அந்தத் தண்ணியோடு போகக்கூடியது எவ்வளவு? 700 கிராம். ஒரு கிலோகூட இல்லை. மீதி 39 கிலோ 300 கிராம்? பாட்டிலைக் காட்டுகிறவர்கள் இந்த 39 கிலோவைப் பற்றி வாயே திறப்பதில்லை.

விதியிலும் ஒரு ஓட்டை இருக்கு. அது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று மட்டும் பார்க்கிறது, நாளுக்கு எத்தனை கிலோ என்று பார்க்கவில்லை. போர் தண்ணியை ஒரு பங்கு கூடச் சேர்த்துவிட்டால் 4 மில்லிகிராம் 2 ஆகிவிடும். மோரில் தண்ணி ஊற்றுகிற வித்தை. உலோகத்தில் ஒரு கிராம் குறையாது, நம்ம நிலத்தடி நீர்தான் குறையும்.

குடிதண்ணிக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அதாவது ஒரு கிராம் குரோமியம் கரைந்து நின்றால் 20 ஆயிரம் லிட்டர் தண்ணி அந்த எல்லையைத் தொட்டுவிடும். ரெண்டு டேங்கர் லாரி தண்ணிக்கு ஒரு சிட்டிகை.

எடுக்க முடியாதா? முடியும்!

"இதெல்லாம் பெரிய டெக்னாலஜி, செலவு தாங்காது" என்று சொல்கிறவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். முறை இருக்கு. சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948லிருந்து இருக்கு. அங்கே ஆராய்ந்து, ஆலைகளில் போட்டுக் காட்டிய முறைதான் குரோம் மீட்பு.

சங்கதி இவ்வளவுதான். குரோம் ட்ரம்மிலிருந்து வரும் பச்சைத் தண்ணியை வேறு எந்தத் தண்ணியோடும் கலக்க விடாமல், தனிக் குழாயில் தனித் தொட்டிக்குக் கொண்டு போகணும். ஒரு டன் தோலுக்கு அது ஆயிரம், ரெண்டாயிரம் லிட்டர்தான் வரும். மொத்தக் கழிவுநீரில் பார்த்தால் இருபதில் ஒரு பங்கு. ஆனால் கரைந்த உலோகம் பெரும்பாலும் அதில்தான் இருக்கு. மயிரையும் சதைத் துணுக்கையும் சல்லடையில் வடித்துவிட்டு, மக்னீசியம் ஆக்சைடு மாவைப் போட்டு மூன்று நான்கு மணி நேரம் கலக்க வேண்டும். புளிப்பு முறிந்து, கார அமில அளவு எட்டு, எட்டரைக்கு வரும்போது குரோமியம் ஹைட்ராக்சைடாகத் திரிந்து அடியில் படியும். ராத்திரி அப்படியே விட்டால் காலையில் மேலே தெளிந்த தண்ணி, கீழே பச்சை வண்டல். தெளிவை இறுத்து எடுத்துவிட்டு, வண்டலில் கந்தக அமிலம் விட்டால் மறுபடியும் குரோம் கரைசல். அதைப் புதுப் பவுடரோடு சேர்த்து அதே ட்ரம்மில் ஊற்றலாம். ஒழுங்காகச் செய்தால் அந்தத் தண்ணியில் இருக்கும் குரோமியத்தில் நூற்றுக்கு 95க்கு மேல் திரும்பக் கிடைக்கும்.

சுண்ணாம்பு போட்டாலும் படியும், செலவும் கம்மி. ஆனால் கொழகொழவென்று மலை மாதிரி சேறு வரும். கந்தகமும் சுண்ணாம்பும் சேர்ந்து ஜிப்சமாகி அதில் கலந்துகொள்ளும். திரும்ப உபயோகிக்க லாயக்கில்லை. மக்னீசியத்தில் கெட்டியாக, சீக்கிரம் படியும். கொஞ்சம் கூடிப் போனாலும் கெட்டுவிடாது. சுண்ணாம்பும் காரமும் அளவு மீறினால் படிந்த குரோமியமே மறுபடி கரைய ஆரம்பித்துவிடும். மக்னீசியம் ஆக்சைடு அவ்வளவு தூரம் ஏற விடாது.

இப்போது அடையாறுக்காரர்கள் தண்ணீரே அநேகமாக வேண்டாத குரோம் பதனிடும் முறையும் கொண்டுவந்திருக்கிறார்கள். தோலில் நன்றாக ஏறிவிடுகிற மாதிரியான பொருள்களும் வந்துவிட்டன. ஆக, வழி இல்லை என்பது பொய். வழி இருக்கு, அது ராத்திரி பகலாக ஓடுகிறதா என்பதுதான் கேள்வி. நம்ம தோழர்களைக் கேட்டுப் பாருங்கள். ஷெட் இருக்கும், தொட்டி இருக்கும், கலக்கி இருக்கும், ஆபீசர் வருகிற அன்றைக்குச் சத்தம் கேட்கும். எல்லா ஆலையையும் நான் சொல்லவில்லை. ஒழுங்காக ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கணக்குக் காட்டப் பயப்பட மாட்டார்கள்.

ஓடுகிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க விஞ்ஞானி தேவையில்லை. ஒரு கிலோ குரோமியத்தைப் படிய வைக்க ஏறக்குறைய ஒரு கிலோ மக்னீசியம் ஆக்சைடாவது வேண்டும். 40 கிலோ குரோமியத்துக்கு நாளுக்கு ஒரு மூட்டையாவது செலவாகணும். வருஷத்துக்கு எத்தனை மூட்டை வாங்கினாய், பில்லைக் காட்டு. மீட்பு யூனிட்டுக்குத் தனிக் கரண்ட் மீட்டர் போடு, ரீடிங்கைக் காட்டு. முடிந்தது.

கலந்த பிறகு அழுது புண்ணியமில்லை

பச்சைத் தண்ணியைத் தனியாகப் பிரிக்காமல் சுண்ணாம்புத் தண்ணி, உப்புத் தண்ணி, கழுவின தண்ணி எல்லாவற்றோடும் ஒரே வாய்க்காலில் விட்டால் என்ன ஆகும்? குரோமியம் படியும், உண்மைதான். ஆனால் சதை, கொழுப்பு, மயிர், சுண்ணாம்பு எல்லாவற்றோடும் பின்னிக்கொண்டு படியும். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் அடியில் சேருகிற சேறு முழுக்க குரோமியச் சேறாகிவிடும். எருவாகவும் போட முடியாது, செங்கல்லுக்கும் ஆகாது. எரித்தால் அதைவிட ஆபத்து. சேற்றில் இருக்கிற சாதுவான குரோமியம் சுண்ணாம்போடும் காற்றோடும் சேர்ந்து சூட்டில் ஆறுமுனைக் குரோமியமாக மாறக்கூடும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது ஜீரோ டிஸ்சார்ஜ், அதாவது ஒரு சொட்டுத் தண்ணிகூட வெளியே விடமாட்டோம் என்று வந்திருக்கு. எதிர்ச்சவ்வூடு வடிகட்டி, கொதிகலனில் வற்ற வைக்கிற மிஷின் எல்லாம் போட்டிருக்கிறார்கள். நல்லது. அது நம்ம போராட்டத்தினாலும் கோர்ட்டினாலும் வந்தது, அவர்களாகச் செய்யவில்லை. ஆனால் தண்ணி வெளியே வராது என்றால், வந்த உப்பும் உலோகமும் மொத்தமும் உள்ளேதானே மூட்டையாக நிற்கணும்? முன்பு ஆற்றில் தேடினோம். இனி கோடவுனில் தேட வேண்டும்.

தேடாவிட்டால் என்ன நடக்கும் என்று 2015 ஜனவரி 31 விடிகாலையில் பார்த்தோம். ராணிப்பேட்டை சிட்கோ பகுதியில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து ஷாப்பில் படுத்துத் தூங்கிக் கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தண்ணியிலிருந்து எடுத்ததை எங்கே வைத்தாய் என்று முன்னாடியே கேட்டிருந்தால் அந்தப் பத்து உயிர் போயிருக்குமா? தோழர்களே, இது கழனிக்காரன் பிரச்சினை மட்டும் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

பச்சையும் மஞ்சளும்

குரோமியத்தில் ரெண்டு முகம் இருக்கு. ட்ரம்மில் போடுவது மும்முனைக் குரோமியம். பச்சை. மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், சுலபத்தில் கிணற்றுக்கு இறங்காது. இன்னொன்று ஆறுமுனைக் குரோமியம். மஞ்சள். தண்ணியில் தாராளமாகக் கரையும், மண் அதைப் பிடித்து வைக்காது, மழை போன இடமெல்லாம் போகும். புற்றுநோய் வரவழைக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு முதல் பட்டியலில் வைத்திருக்கும் சரக்கு அது. இதற்கான எல்லை லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்தான்.

ராணிப்பேட்டையில் குரோமேட் தயாரித்த ஆலை ஒன்று 1990களின் நடுவில் மூடப்பட்டது. பெயர் உங்களுக்கே தெரியும். அவர்கள் போட்டுவிட்டுப் போன கழிவு மேடு ரெண்டு லட்சம் டன்னைத் தாண்டும் என்பது அரசாங்கக் கணக்கு. ஆலை ஓடியது இருபது வருஷம். மூடி முப்பது வருஷம் ஆகிறது. மேடு அதே இடத்தில் இருந்து மழைக்கு மழை மஞ்சளைக் கக்கியது. இதற்கும் வைத்தியம் தெரியாமல் இல்லை. ஆறுமுனைத் தண்ணியை அமிலம் விட்டுப் புளிப்பாக்கி, ஃபெரஸ் சல்ஃபேட்டோ சோடியம் மெட்டாபைசல்ஃபைட்டோ போட்டால் மஞ்சள் பச்சையாக மாறும். பிறகு காரம் சேர்த்துப் படிய வைக்கலாம். முலாம் பட்டறைகளில் தினம் செய்கிற வேலை. ஆனால் தொட்டியில் இருக்கும் தண்ணிக்கு அது ஒரு நாள் வேலை. நிலத்துக்கு அடியில் இறங்கிவிட்ட தண்ணிக்கு ஒரு தலைமுறை வேலை.

முலாம் பட்டறை என்றதும் இன்னொன்று. அங்கே நிக்கல், துத்தநாகம், செம்பு எல்லாம் கலந்து வரும். ஒவ்வொன்றும் படிகிற காரஅளவு வேறு. குரோமியத்துக்கு எட்டரை போதும், நிக்கலுக்குப் பத்தாவது வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் ஊற்றி ஒரே அளவில் சுண்ணாம்பு போட்டால் ஏதாவது ஒன்று தப்பித்துப் போகும். அங்கேயும் சூத்திரம் அதேதான். பிறக்கிற இடத்திலேயே பிரி.

நாமும் நேர்மையாகப் பேச வேண்டும். கழனி பாழானதற்கெல்லாம் குரோமியம்தான் காரணம் என்று மேடையில் முழங்கினால், அடுத்த நாள் ஒரு நிபுணரைக் கூட்டி வந்து நம்மைப் பொய்யன் ஆக்கிவிடுவார்கள். நெல் கருகியதற்கும் தென்னங்காய் சிறுத்ததற்கும் முதல் காரணம் உப்பு. தோலைப் பக்குவம் பண்ணப் போடும் உப்பு அப்படியே வந்து மண்ணை இறுக்கிவிட்டது. உப்பு நல்ல மழை பெய்தால், ஆற்றில் தண்ணி ஓடினால், கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிப் போகும். குரோமியம் போகாது. மேல்மண்ணில் உட்கார்ந்துகொள்ளும். உப்புக்கு ஒரு மனு, உலோகத்துக்கு ஒரு மனு என்று பிரித்துக் கொடுக்கிறோம். ரெண்டையும் குழப்ப விடக் கூடாது.

"வெட்டிவேர் நடுங்க, உலோகத்தை உறிஞ்சிடும்" என்று சொல்லிக்கொண்டு ஒருசிலர் வருகிறார்கள். தேங்காய்ச் சிரட்டைக் கரி, நெல் உமி, வாழைப்பழத் தோல் என்று காலேஜ்களில் ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்குக் குறைவே இல்லை. கரி உறிஞ்சும் என்பது உண்மை. கடைசியில் மிஞ்சும் ஒன்றிரண்டு மில்லிகிராமை வடிகட்ட உதவும். ஆனால் உறிஞ்சிய கரியை எங்கே போடுவது? உலோகம் ஏறிய வெட்டிவேரை எங்கே கொட்டுவது? மறுபடியும் அதே கேள்வி. அது தவிர, நாற்று வாங்குவதும் நடுவதும் நம் செலவில் என்று சத்தமில்லாமல் நம் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். கெடுத்தவன் தோலை விற்றான், நாம் வெட்டிவேர் நடணுமா?

கோர்ட் சொன்னது

கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்று இந்த நாட்டில் உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொன்னது எந்த வழக்கில் தெரியுமா? நம்ம பாலாற்று வழக்கில்தான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறக்குறைய 35 ஆயிரம் ஹெக்டேர் விவசாய நிலம் முழுசாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போயிற்று என்று அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கு. இன்றைக்கு நாடு முழுக்க வக்கீல்கள் மேற்கோள் காட்டுகிற தீர்ப்பு, சட்டக் கல்லூரியில் பாடம். நம்ம ஊர் பெயர் பாடப் புத்தகத்தில் ஏறியது. கிணறு மட்டும் ஏறவில்லை.

அந்தத் தீர்ப்பின்படி அமைந்த சூழல் இழப்பு ஆணையம் 2001ல் தீர்ப்பாணை கொடுத்தது. 29 ஆயிரம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டவர்கள், மொத்தம் சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய். தலைக்குச் சராசரி பத்தாயிரம்கூட வரவில்லை. அதையும் வாங்கி முடிக்க எத்தனை நடை? வழக்கு திரும்ப உச்ச நீதிமன்றம் போய், 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. விட்டுப்போன இழப்பீட்டை அரசே கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்க வேண்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க வேண்டும் என்று உத்தரவு. அதில் நமக்கு முக்கியமான வாசகம் இது. ஒரு தடவை பணம் கட்டிவிட்டால் கடமை முடிந்துவிடாது, கெட்டது சரியாகும்வரை கெடுத்தவர்களின் பொறுப்பு தொடரும். இதைப் பிடித்துக்கொண்டுதான் நாம் கணக்குக் கேட்கிறோம். கெட்டது சரியாகிறதா என்று கணக்கு இல்லாமல் யார் எப்படிச் சொல்ல முடியும்?

ஜப்பான் விவசாயி வாங்கிய உரிமை

சட்டம் இருந்தும், கோர்ட் சொல்லியும், அதிகாரிகள் இருந்தும் நடக்காததற்கு ஒரு காரணம் உண்டு. ஆலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கும் உரிமை பாதிக்கப்பட்டவனுக்கு இல்லை. இதை வாங்கிக் காட்டிய விவசாயிகள் இருக்கிறார்கள். ஜப்பானில் தொயாமா என்ற இடத்தில் ஜின்சு ஆறு. மேலே மலையில் கமியோக்கா சுரங்கம், மிட்சுயி கம்பெனியுடையது. துத்தநாகச் சுரங்கத்திலிருந்து காட்மியம் ஆற்றில் இறங்கி, பாசன வாய்க்கால் வழியாக நெல் வயலுக்கு வந்தது. சோறு வழியாக உடம்புக்குப் போனது. எலும்பு மெலிந்து, இருமினால்கூட விலா எலும்பு ஒடியுமாம். பிள்ளை பெற்ற, வயதான பெண்கள்தான் அதிகம். "இதாய், இதாய்" என்று கத்துவார்கள். "வலிக்குது, வலிக்குது" என்று அர்த்தம். அதுவே நோய்க்குப் பெயராகிவிட்டது. 1968ல் அரசாங்கம் ஒத்துக்கொண்டது. வழக்குப் போட்டு 1971ல் ஜெயித்தார்கள், 1972ல் அப்பீலிலும் ஜெயித்தார்கள்.

ஜெயித்தவர்கள் பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை. கம்பெனியிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கினார்கள். ஊர்க்காரர்கள் தேவை என்று நினைத்தால், தாங்கள் தேர்ந்தெடுத்த நிபுணரோடு ஆலைக்குள் போய்ப் பார்க்கலாம், மாதிரி எடுக்கலாம், தஸ்தாவேஜு கேட்கலாம். செலவு கம்பெனியுடையது. வருஷா வருஷம் போனார்கள். இந்தக் குழாயில் இத்தனை காட்மியம் வருகிறதே, ஏன் என்று குழாய் குழாயாகக் கேட்டார்கள். கடைசியில் ஆற்றுத் தண்ணியில் காட்மியம் இயற்கை அளவுக்கே இறங்கியது. கெட்டுப் போன வயலில் நல்ல மண் போட்டு 800 ஹெக்டேருக்கு மேல் மீட்டார்கள். அந்த வேலை முடிந்தது 2012ல். நாற்பது வருஷம் விடாமல் நின்றிருக்கிறார்கள். அவர்களும் நம்மை மாதிரி நெல் நடுகிறவர்கள்தான்.

நாம் என்ன செய்யப் போகிறோம்

வருகிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுக்கிறோம். பதில் எழுத்தில் வரும்வரை கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்காருகிறோம். மனுவில் இருப்பதைச் சொல்கிறேன். குரோம் போடும் ஒவ்வொரு ஆலையும் வாங்கிய பவுடர், மீட்ட குரோமியம், சேறு, எல்லாவற்றையும் கிலோ கணக்கில் வருஷா வருஷம் கிராமசபையில் வைக்க வேண்டும். பச்சைத் தண்ணிக்குத் தனிக் குழாய் இல்லாத ஆலைக்கு ஓட்ட அனுமதி புதுப்பிக்கக் கூடாது. மீட்பு யூனிட்டுக்குத் தனி மீட்டர் வேண்டும். சேறு 90 நாளுக்கு மேல் வளாகத்தில் வைக்கக் கூடாது என்று 2016 அபாயக் கழிவு விதியே சொல்கிறது. லாரியில் போனால் அதற்கு மேனிஃபெஸ்ட் சீட்டு உண்டு, அந்தச் சீட்டின் நகல் பஞ்சாயத்துக்கு வர வேண்டும். இதற்கெல்லாம் மேலாக, ஊர்க் குழு ஒன்று நிபுணரோடு உள்ளே போய்ப் பார்க்க அனுமதி வேண்டும். குழுவில் தொழிலாளிகளும் இருப்பார்கள், பெண்களும் இருப்பார்கள்.

புதுசாக எதுவும் கேட்கவில்லை என்பதையும் கவனியுங்கள். ஒவ்வொரு ஆலையும் வருஷா வருஷம் சுற்றுச்சூழல் அறிக்கை என்று படிவம் 5ஐ மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கொடுத்தாக வேண்டும். என்ன மூலப்பொருள் எவ்வளவு வாங்கினோம், கழிவு எவ்வளவு என்று அதில் எழுத வேண்டும். காகிதம் இருக்கு, பீரோவில் இருக்கு. 2005 தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி நகல் கேட்கலாம். நம்ம சங்கத்து இளைஞர்கள் ஆளுக்கு ஒரு ஆலை என்று பிரித்துக்கொண்டு இந்த வாரமே விண்ணப்பம் அனுப்புகிறார்கள். வந்ததும் மக்னீசியம் பில்லையும் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

கிணற்றுத் தண்ணி மாதிரி எடுப்பதில் கவனம் வேண்டும். சோடா பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்தால் லேபில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். லேபிலிருந்தே சுத்தமான பிளாஸ்டிக் கேன் வாங்கி வந்திருக்கிறோம். மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓட விட்டுவிட்டுப் பிடிக்கணும். மொத்தக் குரோமியத்துக்கு ஒரு கேன், அதில் லேப் கொடுத்த நைட்ரிக் அமிலம் சில சொட்டு. ஆறுமுனைக்கு வேறு கேன், அதில் அமிலம் விடக் கூடாது, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே லேபுக்குச் சேர்க்க வேண்டும். சர்வே நம்பர், தேதி, நேரம், ரெண்டு சாட்சி கையெழுத்து எல்லாம் சீட்டில் எழுதி ஒட்டிவிட வேண்டும். அமிலத்தைக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

நாளைக் காலை ஆறு மணிக்குக் கானாற்றுப் பக்கத்துக் கிணறுகளில் தொடங்குகிறோம். கூட்டத்தன்று வேன் எட்டு மணிக்குப் பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் நிற்கும். வருகிறவர்கள் பட்டா நகல், பழைய இழப்பீட்டு நோட்டீஸ் இருந்தால் அது, ஒரு வேளைச் சாப்பாடு எடுத்து வாருங்கள். குடிதண்ணியை மறக்காதீர்கள், அங்கே எத்தனை மணி வரை உட்கார வேண்டியிருக்கும் என்று சொல்ல முடியாது.